முகவரியைக் கடைசியில் எழுதிய அஞ்சலகம்

எழுத்துவழி விளையாட்டு ஒன்றுக்குள் ஆடுவோர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் கடிதங்களைக் காத்து வைக்கும் ஏற்பாடு, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு மிகச் சிறிய வேலையாகவே தோன்றும். ஆனால் எழுதியவர் ஒரு நேரத்தில் வந்து போக, பெறுபவர் வேறொரு நேரத்தில் வர, இடைப்பட்ட காலம் முழுவதும் கடிதத்தைச் சிதையாமல் வைத்திருக்கும் கடமை அந்த ஏற்பாட்டின் மேல் விழுவதால், ஓர் அஞ்சலகம் சுமக்கும் பொறுப்புக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று. வெள்ளகோவிலில் 2011 முதல் 2015 வரை நண்பர்கள் மூவர் தமிழில் நடத்திய அத்தகைய விளையாட்டின் அஞ்சல் ஏற்பாடு எவ்வாறு ஒருமுறை தவறியது, பின்னர் எவ்வாறு மறுபடியும் கட்டப்பட்டது என்பதை, அம்மூவரில் ஒருவரான இக்கட்டுரையாளரின் நினைவிலிருந்து இக்கட்டுரை பதிவு செய்கிறது.

இவ்வகை விளையாட்டுகள் ‘மட்’ என்ற பெயரால் அறியப்படுகின்றன. படமோ ஒலியோ இன்றி, ஓர் அறையின் வருணனையை எழுத்தில் படித்து, செய்ய விரும்புவதை எழுத்தில் தட்டச்சு செய்து, பலர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகில் உலவுவதே அவற்றின் இயல்பாகும். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978 இல் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த விளையாட்டு இவ்வகைக்குப் பெயர் தந்தது. 1990–91 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் எழுதப்பட்ட டிக்குமட் அதற்கு ஒரு புதிய கிளையைத் தந்தது. அதை அடியாகக் கொண்டு ஜெரமி எல்சன் 1993 இல் வெளியிட்ட சர்க்கிள்மட், ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, ஆக்கியோர் பெயரை மறைக்கக் கூடாது என்னும் நிபந்தனைகளோடு எவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக் கிடைத்ததால், உலகெங்கும் எண்ணற்ற சிறு குழுக்களுக்குப் பாடநூலாகவே அமைந்தது. வெள்ளகோவில் குழு கையிலெடுத்ததும் அந்த நிரலைத்தான்.

சர்க்கிள்மட்டின் நகரத்தில் ஓர் அஞ்சலகமும், அதில் ஓர் அஞ்சல் அலுவலரும் உண்டு. இரண்டாம் நிலையை எட்டிய எவரும் 150 பொற்காசு தபால்தலைக் கட்டணம் செலுத்தி, அதிகபட்சம் 4,096 பைட்டு நீளமுள்ள கடிதத்தை எழுதலாம். பெறுபவர் அதே அஞ்சலகத்துக்கு வந்து கேட்டால், அலுவலர் அக்கடிதத்தை ஒரு தாளாக அவர் கையில் தருவார், அந்தக் கணமே அது கோப்பிலிருந்து அழிக்கப்படும். பெறுபவரின் பெயருக்குப் பதிலாக அவருக்குரிய எண்ணே கடிதத்தில் பதிவாகும் என்பது கவனிக்கத்தக்கது. வெள்ளகோவில் என்றும் வெள்ளக்கோயில் என்றும் ஊர்ப்பெயரை எவ்வாறு எழுதினாலும் 638111 என்ற அஞ்சல் குறியீட்டு எண் கடிதத்தைச் சரியான ஊருக்குக் கொண்டுவந்துவிடுவது போல, மாறக்கூடிய பெயரைவிட மாறாத எண்ணை நம்புவது அஞ்சல் ஏற்பாடுகளின் பொது அறிவாகும். இந்தியாவில் அந்த ஆறு இலக்க முறை 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது.

அந்தக் கடிதங்கள் அனைத்தும் ஒரே கோப்பில் இருந்தன. அக்கோப்பு, ஆங்கிலத்தில் பிளாக் என வழங்கும், ஒவ்வொன்றும் மிகச் சரியாக 100 பைட்டு நீளமுள்ள கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கடிதத்தின் முதல் கட்டம் தலைக்கட்டம் எனலாம். அதில் அனுப்புநர் எண், பெறுநர் எண், நேரம், அடுத்த கட்டம் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு ஆகியவையும், எஞ்சிய இடத்தில் கடிதத்தின் தொடக்கமும் இருக்கும். பின்வரும் ஒவ்வொன்றையும் உடற்கட்டம் எனலாம். அதில் அடுத்ததன் இருப்பிடமும் கடிதத்தின் தொடர்ச்சியும் மட்டுமே இருக்கும். கடைசிக் கட்டத்தில் இருப்பிடத்துக்குப் பதிலாக முடிவுக்குறி இருக்கும். 1879 இல் இந்தியாவில் அஞ்சலட்டை அறிமுகமான பிறகு, ஓர் அட்டையில் அடங்காத செய்தியை இரண்டு மூன்று அட்டைகளில் எழுதி, மூலையில் தொடர் எண்ணிட்டு அனுப்பியவர்கள் கையாண்டதும் இதே முறைதான்: அட்டையின் அளவு மாறாது, செய்தியின் அளவுக்கேற்ப அட்டைகளின் எண்ணிக்கை மாறும்.

கடிதத்துக்கொரு கோப்பு என்று வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்விக்குக் கணக்கே விடை தருகிறது. இயக்க முறைமைகள் ஒரு கோப்புக்கு வட்டில் ஒதுக்கும் மிகச் சிறிய இடம் பெரும்பாலும் 4,096 பைட்டுகளாக இருப்பதால், 300 பைட்டு நீளமுள்ள ஆயிரம் கடிதங்களைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்தால் சுமார் 4 மெகாபைட்டு தேவைப்படும். நூறு பைட்டுக் கட்டங்களில் வைத்தாலோ ஒரு கடிதத்துக்கு நான்கு கட்டங்கள் வீதம் அதில் பத்திலொரு பங்கே போதும். படிக்கப்பட்ட கடிதத்தின் கட்டங்கள் காலி என்று குறிக்கப்பட்டு, காலிப் பட்டியல் ஒன்றில் சேர்ந்து, அடுத்து வரும் கடிதத்துக்குப் பயன்படும். காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தின் மானாவாரி மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகள் கிளுவை வேலியால் தனித்தனிக் காடுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதையும், ஒரு காட்டில் கொழுக்கட்டைப்புல் தீர்ந்ததும் மாடுகளை அடுத்த காட்டுக்கு ஓட்டிப் படலைச் சாத்திவிட, விடப்பட்ட காடு மறுமுறைக்குத் தழைப்பதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, காலிப் பட்டியல் என்ற கருத்தை விளக்க எந்தப் பாடநூலும் தேவைப்படவில்லை.

குழுவின் முதல் தடை தமிழ் எழுத்தாகவே இருந்தது. ஆடுவோர் தட்டச்சு செய்வதில் ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி ஆகியவை தவிர்ந்த அனைத்தையும் மூல நிரல் வடிகட்டிவிடுமாறு எழுதப்பட்டிருந்ததால், தமிழில் எழுதப்பட்ட வரி வெற்று வரியாகவே உள்ளே போயிற்று. அந்த வடிகட்டியைத் திருத்திய பின் அளவு பற்றிய சிக்கல் எழுந்தது. கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992 இல் வகுத்த யுடிஎஃப்-8 முறையில், ஒருங்குறியின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. மெய்யும் அதன் மேல் ஏறும் புள்ளியோ உயிர்க்குறியோ தனித்தனிக் குறிகள். வெள்ளகோவில் என்ற பெயர், படிப்பவருக்கு 6 எழுத்து, ஒருங்குறிக்கு 11 குறி, கோப்புக்கு 33 பைட்டு. அக்காலத்து 32 பிட்டு கணினியில் உடற்கட்டம் ஒன்றில் செய்திக்கு மிஞ்சிய இடம் 95 பைட்டு என்பதால், அப்பெயரை இடைவெளியின்றி மும்முறை எழுதினால், மூன்றாவது பெயரின் இறுதியில் வரும் லகரத்தின் இரண்டு பைட்டுகள் ஒரு கட்டத்திலும் மூன்றாவது பைட்டு அடுத்த கட்டத்திலுமாக எழுத்தே இரண்டாக அறுபட்டுவிடும். எல்லாக் கட்டங்களும் முறையாகச் சேரும்வரை அதனால் தீங்கில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டால்தான் அறுபட்ட எழுத்து வெளியே தெரியும்.

அவ்வாறு தெரிந்த நாள் 2012 இன் பிற்பகுதியில் வந்தது. தமிழகத்தில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு நிலவிய அந்த மாதங்களில், வெள்ளகோவிலின் விசைத்தறிகள் பாதித் துணியோடு நின்று நின்று ஓடின. தறிகளுக்கு நடுவே ஒரு வீட்டின் பின்னறையில் இருந்த குழுவின் கணினிக்கும் அதே கதிதான். மின்சாரம் எப்போதும் நிற்கலாம் என்பதை உணர்ந்திருந்த குழு, எழுதப்படும் ஒவ்வொன்றும் தாமதமின்றி உடனடியாக வட்டில் பதியுமாறு கணினியை அமைத்து, அதுவே போதிய காப்பு என்று நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையே பிழையாயிற்று.

மூல நிரலில் ஒரு கடிதம் சேமிக்கப்படும்போது, தலைக்கட்டம் முதலில் முடிவுக்குறியோடு எழுதப்படும். அடுத்த கட்டத்துக்கு இடம் கண்டறிந்த பின், அந்த இருப்பிடத்தைக் குறித்துத் தலைக்கட்டம் மறுபடியும் எழுதப்படும். பின்னர் உடற்கட்டங்களும் அதே விதமாக ஒவ்வொன்றாக நீளும். கணினி நில்லாமல் ஓடும் கூடத்துக்கு அது முற்றிலும் போதுமான முறை. மின்சாரம் நின்று நின்று வரும் ஊருக்கு அதை அப்படியே கொண்டுவந்ததும், வரிசையைப் பற்றி எண்ணிப் பாராததும் குழுவின் தவறே. கரூரில் இருந்த நண்பர் ஒருவர், கைபேசி இருந்தும் விளையாட்டுக்குள்ளேயே எழுதுவதென்ற குழுவின் வழக்கப்படி, சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தது முடியாது போலிருக்கிறது என்று தொடங்கி நீண்ட கடிதம் ஒன்றை எழுதி முடித்த கணத்தில், வெள்ளகோவிலில் மின்சாரம் நின்றது. தலைக்கட்டம் ஒருமுறை மட்டும், முடிவுக்குறியோடு, வட்டில் பதிந்திருந்தது. தலைக்கட்டத்தில் செய்திக்குரிய இடம் 79 பைட்டு. மின்சாரம் வந்த பின் அஞ்சல் அலுவலர் தந்த தாளில், ‘சனிக்கிழமை வருகிறேன் என்று ச’ என்பதும், அதன்பின் ஒகரக் குறியின் அறுபட்ட ஒற்றைப் பைட்டு ஒரு சிறு சதுரமாகவும் இருந்தன. ஈற்றிலிருந்த சகரத்தைத் தட்டச்சுப் பிழையென்று கருதிய இக்கட்டுரையாளர், சனிக்கிழமை காலை திருச்சி–கோவை நெடுஞ்சாலையில் உள்ள பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து, கரூர்ப் பேருந்துகள் ஒவ்வொன்றாக வந்து போன பின் கைபேசியில் அழைத்தபோதுதான் கடிதத்தின் எஞ்சிய பகுதி இருப்பதையே அறிந்தார்.

கடிதம் முற்றிலும் தொலைந்திருந்தால் அவர் அழைத்துக் கேட்டிருப்பார். பாதியாக வந்த கடிதமோ முழுக் கடிதத்தின் தோற்றத்தோடு வந்து, எழுதியவர் சொன்னதற்கு நேர்மாறானதைச் சொன்னது. எழுதியவரையும் பெற்றவரையும் ஒருங்கே ஏமாற்றும் இந்த நிலையை எவ்வகையிலும் அனுமதிக்கக் கூடாது, கடிதம் ஒன்று முழுமையாக இருக்க வேண்டும் அல்லது இல்லாமலே இருக்க வேண்டும் என்ற முடிவே புதிய வடிவமைப்பின் அடிப்படை விதியாயிற்று. அந்த விதியிலிருந்து மற்றவை ஒவ்வொன்றாகப் பிறந்தன.

முதலாவது, கட்டத்தின் அளவு. வட்டு தன் தரவை 512 பைட்டு அல்லது 4,096 பைட்டு கொண்ட பிரிவுகளாகவே எழுதுகிறது. நூறு பைட்டுக் கட்டங்களில் ஆறாவது கட்டம் 500 இல் தொடங்கி 600 இல் முடிவதால், 512 என்ற எல்லையின் இருபுறமும் அது கிடக்கும், ஒரு புறம் பதிந்து மறுபுறம் பதியாமல் போகும் வாய்ப்பும் அதனால் உண்டு. எல்லையை ஒருபோதும் தாண்டாத 256 பைட்டு அளவைக் குழு தேர்ந்தெடுத்தது. அதில் 16 பைட்டுகள் கட்டத்தின் சொந்தக் குறிப்புகளுக்கு ஒதுக்கப்பட்டன: அடுத்த கட்டத்தின் எண் 4, கடித எண் 4, செய்தியின் நீளம் 2, கட்டத்தின் வகை 2, சரிபார்ப்பு எண் 4. சரிபார்ப்பு எண் என்பது கட்டத்தில் உள்ள அனைத்திலிருந்தும் கணக்கிடப்பட்டு அதனுடனேயே வைக்கப்படும் எண். படிக்கும்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால், இடையில் ஏதேனும் சிதைந்திருப்பது புலப்படும். எஞ்சிய 240 பைட்டுகள் மிகச் சரியாக 80 தமிழ்க் குறிகளுக்கு இடம் தருவது குழுவுக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. தலைக்கட்டத்தில் முகவரி எண்களுக்கும் நேரத்துக்கும் மேலும் 16 பைட்டுகள் போக 224 மிஞ்சின. இடைவெளிகளைக் கணக்கில் கொள்ளாமல் 200 குறிகள் கொண்ட ஒரு கடிதம் பழைய முறையில் 7 கட்டங்களாக 700 பைட்டுகளையும், புதிய முறையில் 3 கட்டங்களாக 768 பைட்டுகளையும் எடுத்துக்கொள்ளும். அந்த 68 பைட்டுகள், எழுத்து அறுபடாமல் இருப்பதற்குத் தரத்தக்க விலையே என்று குழு கருதியது. மெய்யையும் அதன் குறியையும் பிரிக்காமல், முழு எழுத்து முடியும் இடத்திலேயே கட்டத்தை முடிப்பது என்ற விதியும் இத்துடன் சேர்ந்தது.

எண்கள் ஒவ்வொன்றுக்கும் இத்தனை பைட்டு என்று வெளிப்படையாக வரையறுத்ததற்கும் காரணம் உண்டு. கணினியின் நினைவில் இருக்கும் வடிவத்தையே அப்படியே கோப்பில் கொட்டும் பழைய வழக்கத்தில், 32 பிட்டு லினக்ஸ் கணினியில் 4 பைட்டாக இருந்த எண் 64 பிட்டு லினக்ஸ் கணினியில் 8 பைட்டாகிவிடும். கணினியை மாற்றும் நாளில் பழைய கடிதங்கள் அத்தனையும் படிக்க முடியாதவையாகும். கடிதத்தின் ஆயுள் அதைத் தாங்கும் இயந்திரத்தின் ஆயுளைவிட நீளமானது என்று எண்ணி வடிவமைப்பவரே இதை முன்கூட்டிக் காண்பார்.

இரண்டாவது, எழுதும் வரிசை. புதிய முறையில் கடிதத்துக்கு எத்தனை கட்டங்கள் தேவை என்பது முதலிலேயே கணக்கிடப்பட்டு, அத்தனைக்கும் காலிப் பட்டியலிலிருந்து இடம் ஒதுக்கப்பட்ட பின், கடைசி உடற்கட்டம் முதலில் எழுதப்படும். அதைச் சுட்டிக்கொண்டு அதற்கு முந்தையது எழுதப்படும். இவ்வாறு வாலிலிருந்து தலைநோக்கி வந்து, முகவரியைத் தாங்கிய தலைக்கட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதப்படும். தலைக்கட்டம் இல்லாத கட்டங்கள் எவருக்கும் உரிய கடிதம் ஆகா. ஆகவே எந்த இடத்தில் மின்சாரம் நின்றாலும், பாதிக் கடிதம் ஒருவர் கைக்குப் போகும் வாய்ப்பு அற்றுப்போகிறது. வரிசை மட்டும் போதாது. எழுதப்பட்டவற்றை இயக்க முறைமை தன் நினைவில் சிறிது நேரம் தேக்கிவைத்துத் தனக்கு வசதியான வரிசையில் வட்டுக்கு அனுப்பக்கூடும் என்பதால், உடற்கட்டங்கள் அனைத்தையும் எழுதிய பின் ஒருமுறையும், தலைக்கட்டத்தை எழுதிய பின் ஒருமுறையும், எஃப்சிங்க் என்ற கட்டளையால் அவற்றை வட்டில் உறுதியாகப் பதியச் செய்ய வேண்டும். இரண்டாம் முறையும் பதிந்த பிறகே அஞ்சல் அலுவலர், எழுதியவரிடம் கடிதம் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று சொல்வார். எல்லாவற்றையும் உடனடியாகப் பதிக்கும் பழைய அமைப்பைவிட இது வேகமாகவும் இருந்தது, நம்பத்தக்கதாகவும் இருந்தது; காப்பு என்பது உடனடித்தன்மையைச் சார்ந்ததன்று, எதற்குப் பின் எது என்ற ஒழுங்கைச் சார்ந்தது என்பதைக் குழு இவ்வாறு கற்றது.

மூன்றாவது, அழித்தலும் துப்புரவும். அழிக்கும்போது வரிசை தலைகீழாகும்: தலைக்கட்டம் முதலில் காலி எனக் குறிக்கப்படும், உடற்கட்டங்கள் பிறகு. இடையில் மின்சாரம் நின்றால், தலையற்ற உடற்கட்டங்கள் எவருக்கும் பயன்படாமல் கோப்பில் கிடக்கும். பாதி எழுதப்பட்ட கடிதமும் அதே நிலையில்தான் கிடக்கும். எனவே விளையாட்டு தொடங்கும் ஒவ்வொரு முறையும் கோப்பு முழுவதும் ஒருமுறை படிக்கப்பட்டு, ஒவ்வொரு தலைக்கட்டத்திலிருந்தும் சங்கிலியைப் பின்தொடர்ந்து போய்ச் சேரக்கூடிய கட்டங்கள் குறிக்கப்படும். குறிக்கப்படாதவை காலிப் பட்டியலில் சேரும். எந்தக் கடிதத்தின் சங்கிலியிலாவது சரிபார்ப்பு எண் பொருந்தாமல் போனால், அது பெறுநருக்குத் தரப்படாமல் தனியே ஒதுக்கி வைக்கப்பட்டு, இன்ன தேதியில் எழுதிய கடிதம் சிதைந்துவிட்டது என்று எழுதியவருக்குத் தெரிவிக்கப்படும்.

நான்காவது, கைமாற்றம். கடிதம் கையில் தரப்பட்ட உடனே கோப்பிலிருந்து அழிக்கப்பட்டால், பெற்றவரின் உடைமைகள் அடுத்த முறை சேமிக்கப்படுவதற்குள் கணினி நின்றுவிட்டால் கடிதம் இரண்டு இடத்திலும் இருக்காது. ஆகவே உடைமைகளைச் சேமித்த பின்னரே கோப்பிலிருந்து அழிப்பது என்று மாற்றப்பட்டது. இதனால் அரிதாக ஒரே கடிதம் இருமுறை வரக்கூடும். இருமுறை வந்த கடிதத்தைப் பெற்றவரே ஒதுக்கிவிடலாம், வராத கடிதத்தை எவராலும் மீட்க முடியாது என்பதால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்த இடத்தில் குழு தயங்கவில்லை.

இவற்றைச் சோதிக்க அந்த ஊரின் மின்வெட்டே போதுமானதாக இருந்திருக்கும்; எனினும் அதை நம்பியிராமல், எழுதும் ஒவ்வொரு படிக்குப் பின்னும் நிரல் தானே நின்றுவிடுமாறு செய்து, மறுபடி தொடங்கி, கோப்பின் நிலையை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையைக் குழு பல இரவுகள் நடத்தியது. கரூர் நண்பரின் அந்தக் கடிதமே சோதனைக் கடிதமாயிற்று. அது ஒவ்வொரு முறையும் முழுமையாக வந்தது அல்லது வராமலே இருந்தது. ‘என்று ச’ என்ற இடத்தில் அது மீண்டும் ஒருபோதும் நிற்கவில்லை.

மூவரும் வெவ்வேறு ஊர்களுக்குப் பிழைப்புத் தேடிப் போன பின், 2015 இல் விளையாட்டு நிறுத்தப்பட்டது. கடைசி முறையாகக் கோப்பைப் படித்தபோது, தலையற்ற கட்டம் ஒன்றும் இல்லை, சிதைந்த கடிதம் ஒன்றும் இல்லை, ஆனால் எவரும் வந்து கேட்காத கடிதம் ஒன்று மூன்று கட்டங்களில் இருந்தது. நெடுநாளாக விளையாட்டுக்கு வராத ஒருவருக்கு எழுதப்பட்டது அது. அவருடைய மின்னஞ்சல் முகவரி செயலற்றுப் போயிருக்க, தொடக்கத்தில் அவர் தந்திருந்த வீட்டு முகவரி மட்டும் குழுவின் குறிப்பேட்டில் இருந்தது. எழுதியவரின் ஒப்புதலைப் பெற்று, இக்கட்டுரையாளர் வெள்ளகோவில் அஞ்சலகத்தில் ஓர் இன்லாண்டு லெட்டர் வாங்கி, திரையில் இருந்ததை ஒரு சொல்லும் விடாமல் அதில் பெயர்த்தெழுதி, ஒருமுறை ஒப்புநோக்கி, மடித்து ஒட்டிய பிறகு, முகவரியை எழுதிப் பெட்டியில் இட்டார்.